கிறிஸ்துமஸ் பன்றித்தொடை

"இதுக்குப் பேரு திராட்சைக் கொத்தா டெல்மோ? நீயே எண்ணிப் பாரு. எட்டுப் பழம். பல்லு போன சீப்பு மாதிரி இருக்கு."

ஜெல்மீரா கூடையை அப்படியே டெல்மோவின் காலடியில் கவிழ்த்தாள். அவள் குரலுக்கு, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த மாதாகோயில் மணிக்கூண்டிலிருந்து புறாக்கள் அத்தனையும் கிளம்பிப் பறந்தன. அவற்றில் இரண்டு, மோடெனா நகரம் போய்ச் சேரும்வரை திரும்பியே பார்க்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரன் டெல்மோ, முற்றத்தில் பெரிய கொப்பரை வைத்துத் தக்காளி காய்ச்சிக்கொண்டிருந்தான். ஆகஸ்டு பிறந்தால் அந்த மலையில் எல்லா முற்றத்திலும் இதே வேலைதான். அவன் ஒரு கொத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"எட்டு இல்ல, ஒம்பது. ஒண்ணு பின்னாடி ஒளிஞ்சிருக்கு."

முறுக்கேறிய ஒரு கட்டையை அடுப்புக்குள் தள்ளிவிட்டு மறுபடி கிண்ட ஆரம்பித்தான்.

"கேலி பண்றான் பாரு கஸ்தோனே."

அவள் கணவன் கஸ்தோனே வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி தலையாட்டினான். முப்பது வருஷ மணவாழ்க்கையில் தலையாட்டுவதில் அவனுக்கு டாக்டர் பட்டமே கொடுத்திருக்கலாம்.

ஜெல்மீராவின் கோபத்தில் நியாயம் இருந்தது. மொரெத்தீனா என்ற அந்தக் கறுப்புத் திராட்சை அந்த ஒரு மலையில்தான் விளையும். அதிலும் அவர்கள் குடும்பத்துப் பன்னிரண்டு ஏக்கரில் மட்டும்தான். நாலு தலைமுறையாக வேறொரு கொடியை அவர்கள் நிலத்தில் அண்டவிட்டதில்லை. 'அந்நியக் கொடியின் நிழல்கூடப் படாதது' என்று பாட்டிலில் அச்சடித்தவர் அவளுடைய அப்பா அர்மாந்தோ. அப்படிப்பட்ட தோட்டத்தில், ஜூனில் பூத்த பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் கொட்டிவிட்டது. இன்னும் ஐந்து வாரத்தில் அறுவடை. எட்டாயிரம் பாட்டில் ஒயின் வரும் வீட்டில் இந்த முறை எட்டு பாட்டில் தேறினால் அதிசயம். அடுத்த வருஷமும் இப்படியே ஆனால் தோட்டத்தை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

"என்னத்தைத் தெளிச்ச? மறைக்காம சொல்லிடு."

"எதுக்குத் தெளிச்சேன்?"

"உன் தக்காளிக்கு. போன குளிர்காலத்துல வேலியோரக் கொடியெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு அந்த இடத்துல தக்காளி வச்ச. இந்த வருஷமே என் பூ கொட்டுது. நீ அடிச்ச மருந்து காத்துல வந்திருக்கு."

"இலையைச் சோதனைக்கு அனுப்பினியே. மருந்து, நோய் ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்தாங்களாமே."

"அவங்க உன் தக்காளியைத் தின்னுட்டு எழுதியிருப்பாங்க. அதுக்கு முன்னாடி வச்சிருந்தியே பன்னெண்டு வரிசைத் திராட்சை, அது மட்டும் என்ன லட்சணம்? அதுல பிழிஞ்ச ஒயினை ஊத்தி வாசப்படிதான் கழுவலாம். நீ பிடுங்கின அன்னிக்கு, பீடை ஒழிஞ்சதுன்னு ஒரு பாட்டில் திறந்து கொண்டாடினேன். இவரைக் கேளு."

கஸ்தோனே தலையாட்டினான்.

"உங்க வீட்டுக்குப் போய் எங்கப்பா நாப்பது வருஷம் சேவகம் பண்ணினாரு பாரு, அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது. கிறிஸ்துமஸ் வந்தா ஒரு முழுப் பன்னித்தொடை. உப்பு போட்டு ரெண்டு வருஷம் காய வச்ச தொடை. பெத்த பொண்ணு எனக்கு எலும்பைச் சுரண்டினது, உங்களுக்கு முழுசு. அவரு கண்ணை மூடினதும் அதை நிறுத்தினேன். அதுக்குத்தானே பழி வாங்கற?"

டெல்மோ கிண்டிக்கொண்டிருந்த துடுப்பு நின்றது. அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் அவன் மூக்கில் சிவப்பாக ஏறியது.

"மூணு கிறிஸ்துமஸ் பொறுத்தேன். ரெண்டாவது வருஷம் வெக்கத்தை விட்டு உன் வாசல்ல வந்து நின்னேன். கடையில விக்குது, வாங்கித் தின்னுன்னு முகத்துல கதவைச் சாத்தின."

"சாத்தாம? எங்க அறுவடைக்கு வந்து நீ ஒரு கொத்தாவது நறுக்கிக் குடுத்திருப்பியா? எந்த வேலைக்கு அந்தத் தொடை? அதைச் சொல்லு."

"சொல்லக் கூடாதுன்னு உங்கப்பா மாதா மேல சத்தியம் வாங்கிட்டாரு. பாட்டில்ல அந்நியக் கொடி நிழல்கூடப் படாததுன்னு அச்சடிச்ச மனுஷன் வேற என்ன செய்வாரு?" டெல்மோ கையைத் துடைத்துக்கொண்டான். "இனிமே அந்தச் சத்தியத்தால யாருக்கு என்ன லாபம்? கேட்டுக்கோ. உன் மொரெத்தீனாவுல பூக்கிறது அத்தனையும் பெண் பூ. அது மட்டும் பூத்தா ஒரு பிஞ்சு பிடிக்காது. பக்கத்துல வேற கொடி பூத்து, அந்தப் பூந்தூள் காத்துல வரணும். சுத்துவட்டாரத்துல இருந்த மத்தக் கொடியெல்லாம் அழிஞ்சப்ப, அதுக்காகத்தான் அந்த உதவாக்கரைக் கொடியை எங்க நிலத்துல உங்கப்பாவே தன் கையால நட்டாரு. பன்னெண்டு வரிசையும் உன் திராட்சைக்கு மாப்பிள்ளைங்க."

ஜெல்மீரா குனிந்து, தான் கவிழ்த்த கொத்துகளைக் கூடையில் திரும்ப எடுத்துப் போட ஆரம்பித்தாள். புறாக்கள் ஒவ்வொன்றாக மணிக்கூண்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

கஸ்தோனே வாழ்க்கையில் முதல் முறையாகத் தலையாட்டுவதற்குப் பதில் வாயைத் திறந்தான்.

"அப்ப அந்தப் பன்னித்தொடை?"

"மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர்," என்ற டெல்மோ, குனிந்து, முறுக்கேறிய இன்னொரு திராட்சைக் கட்டையை எடுத்து அடுப்பில் செருகினான். "இவர்தான் கடைசி."