கழற்றி வைத்த வாட்ச்

அடி வாங்கியவள் என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மகளிர் காவல் நிலையத்தில் இத்தனை வருடம் இன்ஸ்பெக்டராக இருந்தும் இந்தப் புகாரை எப்படி எழுதுவதென்று எனக்குப் புரியவில்லை. சம்பவம் நடந்த இடம் என்று கேட்டால், அப்படியொரு இடமே ஊரில் கிடையாது.

இந்தப் பொற்கொடியின் கணவன் ஜெகதீசனுக்கு மஸ்கட்டில் வேலை. இருவரும் கணினிக்குள் இருக்கும் மாய உலகத்து வீடொன்றில்தான் தினமும் குடும்பம் நடத்துகிறார்கள். அதற்கென்று இருக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டால் அங்கே தொடுவது இங்கே தெரியும். அங்கே அடிப்பது இங்கே வலிக்கும்.

வீடியோவில் அவனைக் கூப்பிட்டேன்.

"நான் அப்போ டியூட்டில இருந்தேன் மேடம். நான் இல்லாத நேரத்துல அந்த வீட்டுல என் பிரதிதான் இருக்கும். என்னைப் பார்த்துப் பழகின மென்பொருள். அது அடிச்சதுக்கு நான் என்ன பண்றது?"

நியாயம்தானே என்று ஒரு கணம் தோன்றியது. மென்பொருளை எந்த லாக்கப்பில் போடுவது?

"அடிக்கிறதுக்கு முன்னாடி வாட்ச்சைக் கழட்டி ஃப்ரிட்ஜ் மேல வச்சுச்சு மேடம்," என்றாள் பொற்கொடி.

"அதனால என்னம்மா?"

"இவர் லீவுல வந்தா அப்படித்தான் செய்வாரு."

"பொய் சொல்றா மேடம்!" என்று ஜெகதீசன் கத்தினான். கத்திக்கொண்டே கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றினான்.

திரையில் இருப்பது அவனா, பிரதியா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. பொற்கொடிக்குக் குழப்பமே இல்லை. நாற்காலியோடு சுவர்வரை நகர்ந்துவிட்டிருந்தாள்.