இன்னொருவர் கைரேகை

ஆவணி மாதம் பிறந்த அன்று எலக்ட்ரீஷியன் தவசிமுத்து தன் வீட்டுச் சமையலறையில் மின்சார அடுப்புக்கு வயர் இழுத்தார். வேலை முடிந்ததும், வயரிங் விதிப்படி, அவரை உள்ளே வைத்துக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. லைசென்ஸ் உள்ள வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து வேலையைச் சோதித்துக் கைரேகை வைத்தால்தான் திறக்கும். சொந்த வீட்டுக்கும் அதே விதிதான் என்பதை அவர் யோசிக்கவில்லை.

“ஞானராசைக் கூப்பிடு!”

மனைவி செண்பகவல்லி ஜன்னல் கம்பி வழியாகத் தோசையைச் சுருட்டி நீட்டினாள்.

“கூப்பிட்டேன். அவரும் அவர் வீட்டு அடுப்படியில மாட்டிக்கிட்டு, நீங்க வருவீங்கன்னு உக்காந்திருக்காரு. ஊர்ல வேற யாருக்கு லைசென்ஸ் இருக்கு?”

அவர் தோசையை வாங்கிப் பிய்த்தார்.

“நானும் பரீட்சை எழுதுறேன்னு சொன்னப்போ, வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் போதும்னீங்க. இப்ப விண்ணப்பம் போட்டுட்டேன். பரீட்சை தை மாசம். தொட்டுக்கச் சட்னி வேணுமா?”