வெயில் பாறையில் இடமிருக்கு

ஐம்பத்தேழு.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினாள். ஐம்பத்தேழுதான்.

போன மாதம் இதே வெயில் பாறையில், எண்ணுவதற்காக வைக்கும் இதே கம்பிச் சட்டத்துக்குள், பதினொரு கடல் நத்தைகள் இருந்தன. அதற்கு முந்தைய மாதம் பதினான்கு. மூன்று வருஷமாகக் கடல் சூடேற ஏற, நத்தைகள் ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தன. அந்த ஒழுங்கை நம்பித்தான் அவள் முந்நூறு பக்கம் எழுதியிருந்தாள்.

இன்று கடைசி எண்ணிக்கை. இதை நிரப்பிவிட்டால் வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். ஆறு வருஷமாக ‘இன்னுமா படிக்கிறே?’ என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு பதில் கிடைத்துவிடும்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததுபோல, ஐம்பத்தேழு.

நத்தைகள் பிழைத்துக்கொண்டன என்றால் சந்தோஷப்பட வேண்டாமா? அவளுக்கு அழுகைதான் வந்தது. ‘இதுகள் செத்துத் தொலையக் கூடாதா’ என்று ஒரு நொடி நினைத்துவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும். எதற்குமே அவளுடைய முதல் சந்தேகம் தன் மேல்தான். சட்டத்தை இடம் மாற்றி வைத்துவிட்டாளா? இல்லை, பாறையில் அடித்திருந்த நான்கு ஆணிகளும் நான்கு மூலையில் பொருந்தியிருந்தன. வேறு இனமா? லென்ஸை வைத்துப் பார்த்தாள். அதே இனம். ஒருவேளை மூன்று வருஷமும் தப்பாகவே எண்ணியிருப்பாளோ?

நிழல் பாறையில் இந்தத் தொல்லையே இல்லை. நூறடி தள்ளி, கடல் சுவரின் நிழலில் கிடந்தது அது. வெயில் படாத இடத்தில் நத்தைகள் எப்படி இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க அவள் வைத்திருந்த பாறை. அரைமணி நேரத்துக்கு முன்பே அதை எண்ணி முடித்துவிட்டாள். கணக்கு அவள் கனவிலும் நினைக்காத அளவுக்குப் பிரமாதமாக வந்திருந்தது. பேராசிரியருக்குச் செய்தியும் அனுப்பியாயிற்று.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மூன்றாம் முறை எண்ணக் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தாள்.

நத்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. நடுவில் ஓர் ஆள், அதாவது ஒரு நத்தை, நடந்து போகிற அளவுக்கு வழி. அதற்குப் பின்னால் மறுபடி இரண்டு, இரண்டு. மொத்தம் பன்னிரண்டு வரிசை. மிச்சமிருந்தவை மட்டும் டிக்கெட் எடுக்காதவர்கள்போல ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவள் மெதுவாக நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா முப்பத்திரண்டு வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். மகளுக்கு வண்டி ஓட்ட வராததால் மாதாமாதம் அவளைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து விடுபவர். இப்போது பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறை கடலைப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா.”

“எண்ணிட்டியா பாப்பா? தேறிடுச்சா?” அதற்குமேல் அவரால் முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ள முடியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “வந்ததும் நீ வண்டியில உக்காந்து போன்ல பேசிட்டிருந்தியே, அப்பதான். மூணு வருஷமா நத்தை குறையுது, நத்தை குறையுதுன்னு சாப்பாடு இறங்காம கிடக்குறே. கடைசி நாளாச்சும் நிறைய இருக்கட்டுமேன்னுதான். நாப்பத்தெட்டு. எண்ணித்தான் ஏத்துனேன்.”

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. ஐம்பத்தேழில் நாற்பத்தெட்டு போனால் ஒன்பது. பதினான்கு, பதினொன்று, ஒன்பது. மூன்று வருஷமும் சரி, முந்நூறு பக்கமும் சரி! அப்பாவைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நோட்டில் ஒன்பது என்று எழுதி, அடியில் கோடு போட்டாள்.

கோடு பாதியில் நின்றது.

“எங்கேருந்துப்பா எடுத்தீங்க?”

அப்பா கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினார். “அந்த நிழல் பாறையிலதான். அங்க நிக்க இடமில்லாம இடிச்சுக்கிட்டுக் கிடந்துச்சுங்க. இங்க பூரா சீட்டும் காலி. நியாயமா அது?”

அவள் கைபேசியை எடுத்தாள். அவள் அனுப்பிய செய்தி அப்படியே இருந்தது: ‘நிழல் பாறையில் ஒன்றுகூட இல்லை. நான்கு முறை தேடிவிட்டேன்.’

அதற்குக் கீழே பேராசிரியரின் பதில்: ‘அபாரம்! நிழலில்கூட முற்றழிவு! தேர்வாளர்களுக்கு இப்போதே அனுப்பிவிட்டேன். இனி நீ டாக்டர்தான்.’

சொல்லாமல் இருந்துவிடலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஏறிவிடும். அப்புறம் யார் வந்து எண்ணப்போகிறார்கள்?

ஒன்றிலிருந்து பத்துவரை மனசுக்குள் எண்ணினாள். சந்தேகம் தீராமல் இன்னொரு முறை எண்ணினாள். பிறகு அழைத்தாள்.

“மேடம், நிழல் பாறை நத்தைங்க சாகலை. நாப்பத்தெட்டும் உயிரோட இருக்கு.”



மறுமுனையில், துக்க வீட்டு வாசலில் நின்று விசாரிப்பவர்போல, பேராசிரியர் தணிந்த குரலில் கேட்டார்:

“எல்லாமேவா?”