லேபிள் கிழித்த பாட்டில்

"இது மூட்டு வலி மாத்திரை அண்ணி. அண்ணன் கால்ல சீழ் வெச்சுக் கிடக்கறார், இந்த டாக்டர் மூட்டு வலிக்குக் குடுத்திருக்கார்" என்றான் கொழுந்தன்.

மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன். அண்ணன் தும்மினாலே சீட்டு இல்லாமல் நாலு கேப்ஸ்யூல் கொண்டுவந்து நீட்டுவான். மாத்திரையைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டான்.

அவள் பாட்டிலை வெடுக்கென்று வாங்கிப் பார்த்தாள். லாரி ஓட்டுகிற புருஷன். கம்பி கிழித்த காயம் புரையோடி, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் போட்ட எந்த ஊசிக்கும் மசியவில்லை. முந்தாநாள்தான் டாக்டர் நர்ஸை விட்டு இந்தப் பாட்டிலை அவளிடம் கொடுத்து, வேளை தவறாமல் கொடுக்கச் சொன்னார். பாதிதான் இருந்தது. லேபிளை வேறு கிழித்திருந்தார்கள்.

டாக்டரையே அவளுக்குப் பிடிக்காது. கோட்டுப் பாக்கெட்டிலிருந்து கையை வெளியே எடுக்கவே மாட்டார். நாடி பார்ப்பது, கட்டுப் பிரிப்பது எல்லாம் நர்ஸ்தான். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம் போலிருக்கிறது.

நேரே போய்க் கேட்டுவிட்டாள். டாக்டர் மழுப்பவில்லை. மூட்டு வலி மாத்திரைதான், முதல் நாளே சொன்னேனே என்றார். அன்றைக்கு இருந்த பதற்றத்தில் அது அவள் காதில் ஏறியிருக்கவில்லை. இருக்கிற மருந்தெல்லாம் தோற்றுவிட்டதாம். இந்தப் பழைய மாத்திரை இதே கிருமியைக் கொல்வதை ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்களாம். ஆஸ்பத்திரியின் அனுமதியோடுதான் கொடுக்கிறாராம்.

"சோதிச்சுப் பார்க்க எங்க வீட்டுக்காரர் உடம்புதான் கிடைச்சதா?"

டாக்டர் என்ன சொல்லவந்தாரோ, அவள் நிற்கவில்லை. நேற்றிலிருந்து காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. தானாகவே சரியாகிறது என்று நம்பினாள். பாட்டிலைக் கழிப்பறையில் கவிழ்த்துத் தண்ணீரை இழுத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் திரும்பியது. அதற்கு மறுநாள் புருஷன் அவளையே யாரென்று கேட்டார்.

டாக்டர் ரிப்போர்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "ஆரம்பத்துல கிருமி நல்லாக் குறைஞ்சுதும்மா. இப்ப ஏன் ஏறுதுன்னு புரியல. மாத்திரையை விடாமத்தானே குடுக்கறீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. கொட்டிவிட்டதைச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் திட்டவில்லை. பக்கத்து ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வேற பாட்டில் குடுங்க டாக்டர். என் கையால நானே ஊட்டி விடறேன்."

"இல்லம்மா."

"எந்தக் கடைன்னு சொல்லுங்க. கொழுந்தன் போய் வாங்கிட்டு வந்துடுவான்."

கொழுந்தன் கதவோரம்தான் நின்றான். கம்பெனி அந்த மாத்திரையை நிறுத்தி மாசக்கணக்காகிறது, எல்லாக் கடையிலும் கேட்டுப் பார்த்துவிட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அப்போ உங்களுக்கு மட்டும் அது எங்கேருந்து கிடைச்சுது டாக்டர்?" என்று அழுதாள்.

அவர் எழுந்து கட்டிலருகே போனார். அவள் புருஷனின் நாடியைப் பார்க்க, முதல் தடவையாகக் கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தார்.

விரல் ஒவ்வொன்றும் இஞ்சித் துண்டு மாதிரி வீங்கிக் கோணிப் போயிருந்தது.