ஆடுகிற எழுத்து

அவள் வரைந்த எழுத்துருவைச் சரிபார்க்க நிபுணர் ஒருவரை அனுப்புவதாக நிறுவனம் சொல்லியிருந்தது. அதனால் வாசலில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் பையோடு நின்றதும் ஓடிப்போய் வரவேற்றாள்.

"வாங்க சார்! முதல்ல இதைப் பாருங்க."

பேச்சுவாக்கில் அவள் வைத்த காபி, மேசை ஆடியதில் தளும்பியது.

சுவரில் ஒட்டியிருந்த தாளில் அந்தக் காலத்துக் கடைப்பலகை பாணியில் எழுத்துகள் நின்றன. உடம்பெல்லாம் கொடிவேலை. ஒவ்வொன்றின் அடியிலும் கட்டை போலத் தடித்த பாதம்.

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அடேயப்பா, எல்லாம் என்னமா ஊன்றி நிக்குது! இது மட்டும் ஆடும்மா." விரல் 'ர'வைத் தொட்டது. "இடது கால் குட்டை."

"இருக்காது சார். ஆறு மாசமா அளந்து அளந்து வரைஞ்சது."

ரோஷத்தோடு கணினியில் அளந்தாள். முடியளவு குறைந்திருந்தது!

"எப்படி சார்? எழுத்துக்கலையை எங்க படிச்சீங்க?"

அவர் பையிலிருந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தார்.

"மேசையைச் சரிபண்ண உங்க வீட்டுக்காரர் வரச்சொன்னாரும்மா. எனக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆடுற கால் தெரியும்."