குதிகால் திருப்பும் இடம்

கஸ்தூரியம்மாளை மேடைக்கு வரச் சொல்லி மைக்கில் இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள்.

என் மனைவி எழுந்தாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயிலில் பிரசாதம் வாங்கப் போகிறவள் போல நிதானமாகப் படியேறினாள்.

மேடையில் ஒரு நாற்காலி. எதிரே மேஜையில், எங்கள் வீட்டிலிருந்து போன பாதிக் காலுறை ஊசிகளோடு கிடந்தது.

டவுன்ஷிப் மகளிர் மன்றத்தின் கைவேலைப் போட்டியில் ஒன்பது வருடமாக அவளுக்குத்தான் முதல் பரிசு. கம்பளிக் காலுறை, பின்னல் பொம்மை. யாரோ பாண்டிச்சேரிக் கடையில் வாங்கிவந்து வைக்கிறார்கள் என்று இந்த வருடம் ஒரு பேச்சு கிளம்பியது. அதனால் புது விதி. பரிசுக்கு உரியவர் எல்லோர் முன்னாலும் பத்து வரி பின்னிக் காட்ட வேண்டும்.

செயலாளர் விஜயகுமாரி அந்த விதியைப் படித்தபோது என் பக்கம்தான் பார்த்தார்.

நான் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். சுரங்கத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் சேத்தியாத்தோப்பில் என் தகப்பனார் வந்து உட்கார்ந்தால்தான் பஞ்சாயத்தே தொடங்கும். அப்படிப்பட்ட குடும்பத்தின் மானம் நான்கு ஊசி முனையில் நின்றது.

ஏனென்றால், கஸ்தூரி ஊசியைத் தொட்டதே இல்லை. பின்னுகிறவன் நான்.

ஓய்வு பெற்ற வருடம் டேராடூனில் மகள் மலர்கொடி வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டு சுபேதார் சொல்லிக்கொடுத்தார். பனிமலைக் காவலில் பழகியதாம். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. அவர் கையில் அது ஆண்பிள்ளை வேலையாகத்தான் தெரிந்தது.

ஆனால் டேராடூன் வேறு, எங்கள் மந்தாரக்குப்பம் வேறு. ஃபோர்மேன் சிங்காரவேல் பொம்மைக்குப் பாவாடை பின்னுகிறார் என்று டீக்கடையில் ஒரு சொல் விழுந்தால் போதும். நான் மெயின் ரோட்டில் நடக்க முடியாது.

ஜன்னலைச் சாத்திவிட்டுப் பின்னினேன். பேத்திக்கு அனுப்பியது போக மிச்சம் போட்டிக்குப் போனது. வாசலைத் தாண்டியதும் அது கஸ்தூரி பின்னியது.

காலையில் அவள் ஆள்காட்டி விரலில் துணி சுற்றச் சொன்னேன். வெட்டுக்காயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

"நல்லா இருக்கற வெரலுக்கு எதுக்குங்க கட்டு?" என்று கேட்டுவிட்டு இட்லிக்குச் சட்னி அரைக்கப் போய்விட்டாள்.

பெண்களுக்கு மானத்தின் அருமை தெரிவதில்லை.

பக்கத்து நாற்காலியில் கருணாகரன். என்னோடு ஒரே ஷிப்டில் இருபது வருடம் இருந்தவன். பரிசு மேஜையில் இருந்த, மஞ்சள் ஹெல்மெட் போட்ட பொம்மையைக் காட்டினான்.

"யோவ் ஃபோர்மேன், பொம்மையக்கூட உன்ன மாதிரியே வெறச்சிகினு நிக்க வெச்சிருக்காங்கய்யா வூட்டம்மா!"

நான் சிரிக்கவில்லை.

மேடையில் கஸ்தூரி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். காலுறையைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம்தான் குதிகால் திருப்பும் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். காலுறையில் இருப்பதிலேயே கடினமான இடம் அது. அங்கே கை தவறினால் பாதம் கோணிக்கொள்ளும்.

அவள் ஊசியை உருவினாள்.

நூலைப் பிடித்து இழுத்தாள். ஒரு வரி பிரிந்தது. இரண்டாவது, மூன்றாவது. நான் கணக்காகப் பின்னிய வரிகள் சுருள் சுருளாக அவள் மடியில் விழுந்தன.

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நான்கைந்து செல்போன்கள் மேலே எழும்பின. இன்று மத்தியானத்துக்குள் டவுன்ஷிப் முழுக்க பிளாக் பிளாக்காக இந்தப் படம் போய்விடும்.

நான் பாதி எழுந்துவிட்டேன். அவளுக்குக் காலையிலிருந்தே தலைசுற்றல் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் அவிழ்ந்து நின்ற கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பூக்காரி பூ எடுப்பது போல. ஒன்றையும் தவறவிடவில்லை.

பிறகு பின்ன ஆரம்பித்தாள். ஊசியைப் பார்க்கவே இல்லை. விஜயகுமாரி கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே பின்னினாள். மகளுக்கு எத்தனை பிள்ளைகள், டேராடூனில் அரிசி கிடைக்குமா என்றெல்லாம் பேச்சு. பத்து வரி கேட்டார்கள். அவள் பதினாறு வரியில் குதிகாலைத் திருப்பி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

விஜயகுமாரி அதை வாங்கிக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். கிண்ணம் மாதிரி குழிந்து, அவ்வளவு நேராக நின்றது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கருணாகரன் என் தோளைத் தட்டினான்.

அவள் இறங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னால் பார்த்தபடியே, உதடு அதிகம் அசையாமல் கேட்டேன்.

"எப்பக் கத்துக்கிட்ட?"

"நீங்க பின்னினதப் பிரிச்சிப் பிரிச்சிப் பின்னிதாங்க." அவளும் முன்னால்தான் பார்த்தாள். "காலைல நீங்க நடக்கப் போயிருக்கற நேரத்துல. குதிகால் ஒருநாளும் உங்களுக்கு நேரா வந்ததில்லைங்க."

ஒன்பது வருடம். எத்தனை ஜோடி, எத்தனை பொம்மை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவள் கருணாகரன் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"உங்களுக்கு மானம் போயிடுமேன்னுதாங்க சொல்லல."