எட்டு இலக்கம்

பதினேழாவது முறையும் திறக்கவில்லை.

அவர் மடிக்கணினியை முறைத்தார். அதுவும் முறைத்தது.

கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அவர் கணக்கில் தேங்காய். அதில் ஊசி விட்டு எடுத்ததைச் சோதித்து, பரிசோதனைக் கூடம் முடிவை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தது. நல்லதா, கெட்டதா? பதில் அந்த இணைப்புக்குள் இருந்தது.

இணைப்புக்குப் பூட்டு.

கடவுச்சொல்: நோயாளியின் பிறந்த தேதி, எட்டு இலக்கம்.

01061955.

தவறு என்றது.

கோப்பை வேறு பெயரில் சேமித்துப் பார்த்தார். கணினியை அணைத்து, ஒரு காபி குடித்து, மறுபடி போட்டுப் பார்த்தார். கைப்பேசியில் பார்த்தார். யாரும் பார்க்காத நேரத்தில் திரையின் நெற்றியில் ஒரு விபூதிக் கீற்றும் இட்டுப் பார்த்தார்.

மறுபடி அனுப்பச் சொன்னார். அனுப்பினார்கள். மறுபடியும். மறுபடியும்.

நான்காவது முறை தொலைபேசியில் பரிசோதனைக் கூடத்துப் பெண் கேட்டாள்:

“சார், உங்க பொறந்த தேதி உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

முப்பத்தைந்து வருடம் அரசாங்கமே மறுபேச்சில்லாமல் நம்பிய தேதி. தெரியாதாம்!

ஜூன் ஒன்று. அவர் வகுப்பில் நாற்பது பேரும் ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்தார்கள். தலைமையாசிரியர் ஒரே காலையில், ஒரே பேனாவால், அத்தனை பேரையும் பிறக்க வைத்தார். உலகத்தில் எந்த மருத்துவச்சிக்கும் அந்த வேகம் கிடையாது.

விரல் நின்றது.

சோதனைக்குப் போன அன்று படிவத்தை நிரப்பியது அவரல்ல. கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று மனைவியிடம் நீட்டியிருந்தார். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது.

சமையலறையில் அவள் காலையிலிருந்து ஒரே பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“அந்த ஃபாரத்துல என்ன தேதி போட்டே?”

“உங்க பொறந்த தேதியத்தான். ஆகஸ்ட் இருபத்தேழு, அம்பத்தாறு.”

“ஜூன் ஒண்ணுடீ!”

“அது ஹெட்மாஸ்டர் பெத்த தேதி. உங்கம்மா பெத்தது ஆவணியில. ஜாதகத்துல இருக்கு.”

27081956.

திறந்தது.

ஒரே நொடியில் ஒன்றேகால் வயது குறைந்திருந்தது. அதைக் கொண்டாடத் தோன்றவில்லை. படிக்கவும் தைரியமில்லை. கணினியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, சுவரில் இல்லாத பல்லியைப் பார்த்தார்.

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். ஒரு வரி விடாமல், கடைசியில் இருந்த கையெழுத்து வரை படித்தாள்.

“புத்து இல்லியாம். வெறும் கொழுப்புக் கட்டிதானாம்.”

மூச்சு விட்டாள்.

“கொழுப்புன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். மூக்குதான் ஒழுகியது.

“அந்தத் தேதிய இத்தன நாளா ஞாபகம் வச்சிருக்கியா?”

“வருஷா வருஷம் ஆவணியில பாயசம் வைக்கிறேனே. எதுக்குன்னு நெனச்சீங்க?”

ஏதோ ஒரு சாமிக்கு என்று நினைத்திருந்தார்.

நாற்பத்தோரு பாயசம்.

ஏன் என்று ஒரு முறையும் கேட்டதில்லை. முந்திரி குறைவு என்று ஒரு முறையும் சொல்லாமல் விட்டதில்லை.

இது மாசி மாதம்தான்.

அவர் எழுந்து சமையலறைக்குள் போனார். முந்திரி எதில் இருக்கிறது என்று, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்.